நிலவொளியும் இரவுநேரக் காட்டுப்பன்றி வேட்டையும்

இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் நாட்காட்டியைப் புரட்டி முதலில் தேடுவது பௌர்ணமி என்றைக்கு என்பதைத்தான். வெளிச்சம் இருக்கும் இரவே வேட்டைக்கு ஏற்றது என்று ஒரு சாரார் சொல்வார்கள். வெளிச்சம் இருந்தால் பன்றி திறந்த வெளிக்கு வராது, ஆகவே அமாவாசையை ஒட்டியே போக வேண்டும் என்று மற்றொரு சாரார் சொல்வார்கள். இரு சாராருமே திதியை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் சிக்கல். அன்றிரவு நிலவு எத்தனை மணிக்கு எழும், எந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும், எந்தத் திசையிலிருந்து நிலத்தின்மேல் ஒளி வீசும் என்ற மூன்றும் தெரிந்தால் நிழல் எங்கெங்கே விழும் என்று தெரிந்துவிடும். நிழலின் இடம் தெரிந்தவருக்குப் பன்றி எந்த வழியாக வரும், தான் எங்கே உட்கார வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பது கடினமில்லை.

முதலில் சட்டம். இக்கட்டுரை, அமெரிக்காவின் தென்மாநிலங்களைப்போலக் காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிப் பயிரை அழிக்கும் இடங்களில், சட்டம் அனுமதிக்கும் இரவு வேட்டையைப் பற்றியது. டெக்சாஸ் மாநிலத்தில், நில உரிமையாளரின் ஒப்புதல் இருந்தால், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாட 2019 செப்டம்பர் முதல் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. இரவில் வேட்டையாடவும் அங்கே தடையில்லை. பொது நிலங்களுக்கு விதிகள் வேறு. பிற மாநிலங்களில் விளக்கு, இரவுக்காட்சிக் கருவி, இரை போடுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் இருக்கக்கூடும் என்பதால், போகும் இடத்தின் விதியைப் படித்துவிட்டே போக வேண்டும். இந்தியாவில் காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கும். உரிய அதிகாரியின் அனுமதியின்றி அதைக் கொல்வது அங்கே குற்றமாகும்.

நிலவு தரும் ஒளியின் அளவு

தெளிந்த வானில் உயரத்தில் நிற்கும் முழுநிலவு, நிலத்தின்மேல் ஏறக்குறைய 0.25 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளியைத் தருகிறது. நிலவே இல்லாத தெளிந்த இரவில் கிடைக்கும் வான ஒளி இதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் ஒளி சீராகக் கூடிக் குறைவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அரைநிலவு என்றால் முழுநிலவின் பாதி ஒளி கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு; உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நிலவின் மேற்பரப்பு கரடுமுரடானது. பக்கவாட்டிலிருந்து சூரிய ஒளி படும்போது அதன் மேடுகளும் பாறைகளும் தம் நிழலாலேயே பெரும்பகுதியை இருட்டாக்கிவிடுகின்றன. நேர் எதிரிலிருந்து ஒளி படும் பௌர்ணமியன்று அந்த நிழல்கள் நம் பார்வைக்கு மறைந்துவிடுவதால் ஒளி சட்டென்று கூடுகிறது. பௌர்ணமியிலிருந்து முன்னோ பின்னோ மூன்று நான்கு நாட்கள் நகர்ந்தாலே ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, வெறுங்கண்ணையும் துப்பாக்கியின்மேல் பொருத்திய சாதாரணத் தொலைநோக்கியையும் நம்பி வேட்டையாடுகிறவருக்கு ஒரு மாதத்தில் உண்மையாகப் பயன்படும் நிலவு இரவுகள் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் மேகம் பாதியைத் தின்றுவிடும்.

நிலவின் உயரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிவானத்தை ஒட்டி நிற்கும் முழுநிலவு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், அதன் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து, நிலத்தின்மேல் சாய்வாகப் பரவி விழுவதால், வயலில் வெளிச்சம் குறைவாகவே இருக்கும். எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் தொலைநோக்கியில் உருவங்கள் தெளிவாகப் பிரியத் தொடங்கும். பருவமும் உயரத்தை மாற்றுகிறது. கோடையில் சூரியன் உயர நடக்கும்போது முழுநிலவு தாழ நடக்கும். குளிர்காலத்தில் இது தலைகீழாகும். டெக்சாஸ் போன்ற 30 டிகிரி வட அட்சரேகை இடங்களில், கோடை முழுநிலவு நள்ளிரவில்கூட 35 டிகிரியை ஒட்டிய உயரத்தில்தான் நிற்கும். குளிர்கால முழுநிலவு 80 டிகிரியை ஒட்டி, ஏறக்குறைய தலைக்கு நேராக வந்துவிடும். பத்து மீட்டர் உயர மரம் முதல் வகை நிலவில் 14 மீட்டர் நீளத்துக்கு நிழல் விரிக்கும். இரண்டாம் வகையில் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே விரிக்கும். கோடையில் தோப்பின் ஓரத்தில் பன்றிக்கும் நமக்கும் கிடைக்கிற அகலமான இருட்டுப் பட்டை, குளிர்கால நள்ளிரவில் அதே இடத்தில் இருப்பதில்லை.

பன்றிக்கு நிலவு எவ்வளவு பொருட்டு

காட்டுப்பன்றி மூக்கை நம்பி வாழும் விலங்கு. காதும் கூர்மையானது, மனிதச் செவிக்கு எட்டாத உயர் ஒலிகளையும் அது கேட்கும். கண் இவற்றுக்குப் பின்னர்தான் வருகிறது. மானுக்கும் மாட்டுக்கும் விழித்திரையின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு; மங்கிய ஒளியில் அவற்றின் பார்வை கூர்மையாவதற்கும், விளக்கடித்தால் கண்கள் பளிச்சிடுவதற்கும் அதுவே காரணம். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. ஆகவே இருட்டில் விளக்கை வீசிக் கண் மின்னுகிறதா என்று பார்த்துப் பன்றியைத் தேடுகிறவர், எதிரில் ஒரு கூட்டமே நின்றாலும் ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக்கூடும். நிறங்களில் நீலத்தையும் பச்சை மஞ்சளையும் ஒட்டிய பகுதிகளையே பன்றி நன்கு உணர்கிறது. சிவப்பு அதற்கு மிக மங்கலாகவே தெரியும். இவ்வளவு குறைகள் இருந்தும், அசைவைக் கண்டுகொள்வதில் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வெளிச்சமான வயலில் நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவத்தை நூறு மீட்டருக்குள் அது எளிதாகக் கவனித்துவிடும்.

பௌர்ணமி இரவில் பன்றி பட்டினி கிடந்து புதருக்குள் முடங்கிவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பன்றியின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பவை தீனி, வெப்பம், தண்ணீர், மனிதத் தொல்லை ஆகியவையே. வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ளும் திறன் அதற்குக் கிடையாது என்பதால், கோடையில் பகலைச் சேற்றிலும் நிழலிலும் கழித்துவிட்டு இரவில் இரை தேடுகிறது. கடுங்குளிரில் பகலிலேயே வெளிவருவதும் உண்டு. தொடர்ந்து சுடப்படும் இடத்தில் அது முழு இரவாளியாக மாறிவிடும். விதைத்த மக்காச்சோளமோ நிலக்கடலையோ இருக்கிற வயலுக்கும், ஓக் மரக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் தோப்புக்கும், நிலவு எப்படி இருந்தாலும் கூட்டம் வந்தே தீரும். 1926-இல் ஜான் ஆல்டன் நைட் என்னும் அமெரிக்கர் வகுத்த சூரிய-சந்திர அட்டவணை, நிலவு உச்சியில் நிற்கும் நேரங்களிலும் அடிவானத்தில் நிற்கும் நேரங்களிலும் உயிரினங்கள் சுறுசுறுப்படையும் என்கிறது. அது முதலில் மீன்பிடிப்போருக்காக உருவானது. இன்று பல வேட்டைச் செயலிகளிலும் நட்சத்திரக் குறிகளாகத் தொங்குகிறது. பன்றி வேட்டைக்கு அந்த நட்சத்திரங்களைவிட, வயலில் புதிதாகக் கிளறிய ஈரமண்ணே எவ்வளவோ மேலான தகவல்.

ஆனால் நிலவு பன்றியின் பாதையை மாற்றுகிறது. பலமுறை சுடப்பட்ட கூட்டங்களிடம் இது நன்றாகத் தெரியும். இருண்ட இரவில் வயலின் நடுவுக்கு நேராக நடந்து போகும் கூட்டம், பளிச்சென்ற நிலவில் தோப்பின் நிழல் ஓரமாகவே நகரும். வெளியில் இறங்கும்முன் முன்னே வரும் தாய்ப்பன்றி இருட்டின் விளிம்பில் நின்று நெடுநேரம் மோந்து பார்க்கும். குட்டிகள் பொறுமையிழந்து முதலில் வெளியே ஓடிவரும். அவற்றைக் கண்டதும் துப்பாக்கியைத் தூக்குகிறவர் பின்னால் நிற்கும் பெரியவற்றை இழப்பார். தனித்துத் திரியும் முதிய ஆண் பன்றி இன்னும் எச்சரிக்கையானது. நிலவு மறைந்த பிறகோ எழுவதற்கு முன்போ தீனியிடத்துக்கு வந்துபோவதை அது வழக்கமாகவே வைத்துக்கொள்ளக்கூடும்.

இரவின் நேரத்தைப் பகுத்தல்

நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. இந்த ஒரு கணக்கைக்கொண்டு ஒவ்வோர் இரவையும் இருட்டுப் பகுதி, வெளிச்சப் பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். வளர்பிறையில் பொழுது சாயும்போதே நிலவு வானில் இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி நள்ளிரவு வாக்கில் மறையும். பௌர்ணமியை நெருங்க நெருங்க மறையும் நேரம் விடியலை நோக்கித் தள்ளிப்போகும். ஆக, வளர்பிறையில் இருட்டு இரவின் பின்பகுதியில் அமையும். பௌர்ணமியன்று சூரியன் மறையும்போது எழுந்து, உதிக்கும்போது மறைவதால் இருட்டு என்று ஒன்று அநேகமாக இருக்காது. தேய்பிறையில் இருட்டு முன்னிரவுக்கு மாறும்: பௌர்ணமிக்கு மூன்றாம் நாள், சூரியன் மறைந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகே நிலவு எழும், தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவு ஆகிவிடும்.

பௌர்ணமிக்குப் பிந்தைய மூன்று நான்கு இரவுகள் எல்லா இரவுகளிலும் எனக்குச் சிறந்தவையாகத் தோன்றுகின்றன. பகலெல்லாம் படுத்துக் கிடந்து பசியோடு எழும் கூட்டம், நிலவு எழுவதற்கு முன்னுள்ள அந்த முன்னிரவு இருட்டில் தயக்கமின்றி வெளியே வரும். இருட்டில் இரை மேயத் தொடங்கிய கூட்டம், நிலவு எழுந்ததும் உடனே ஓடிவிடுவதில்லை. மேய்ந்தபடியே ஓரத்துக்கு நகரும். முன்பே இடம் பிடித்து அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு, இருட்டில் கூட்டத்தின் ஒலியைக் கேட்டு அது எங்கே இருக்கிறது என்று கணிக்கவும், நிலவு ஓரளவு ஏறியபின் தெளிவாகப் பார்க்கவும் ஒரே இரவில் வாய்ப்புக் கிடைக்கிறது. உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் வெப்பப் படக் கருவி வைத்திருப்பவர் அந்த இருட்டிலேயே வேலையை முடித்துவிடலாம். தானியங்கித் தீவனக் கருவி வைத்திருந்தால், அது தானியம் வீசும் நேரத்தையும் இந்த இருட்டுப் பகுதியின் தொடக்கத்துக்கு மாற்றி வைக்கலாம். ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணி என்று விட்டுவைப்பதில் பயனில்லை.

மேகத்தைப் பற்றியும் ஒரு சொல். மெல்லிய மேகம் மூடிய முழுநிலவு வேட்டைக்காரருக்குக் கிடைக்கும் மிக நல்ல ஒளி என்று சொல்வேன். ஒளி எல்லாப் பக்கமும் சிதறிப் பரவுவதால் கடும் நிழல்கள் மறைந்து, புதர்க்கரையில் நிற்கும் பன்றிகூடப் புலப்படும். அதேநேரம் நம்முடைய உருவத்தின் விளிம்பும் மழுங்கிவிடும். துண்டு மேகங்கள் ஓடும் இரவில் அவற்றின் போக்குக்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: நிலவு மறையும்போது நகர வேண்டும், வெளிப்படும்போது அசையாமல் நின்று பார்க்க வேண்டும்.

உட்காரும் இடம்

பகலிலேயே இடத்தைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நிலவின் திசையையும் உயரத்தையும் மணிவாரியாகக் காட்டும் செயலிகள் கைபேசியில் கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு, இரவு பத்து மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும், ஒரு மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். நிலவு மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி நகரும். இருட்டில் மறைவாக உட்கார்ந்தோம் என்று நிம்மதியாக இருப்பவர்மேல் இரண்டு மணி நேரத்தில் வெளிச்சம் வந்து விழுந்திருக்கும். அவர் தீனியிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அதை உணரவே மாட்டார். ஆகவே நிலவு நகர்ந்தாலும் நிழல் நீங்காத இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கு அட்சரேகைகளில் நிலவு பெரும்பாலும் தென்வானத்தின் வழியே நடப்பதால், தோப்பின் வடக்கு ஓரம் இரவின் பெரும்பகுதிக்கு நிழலில் இருக்கும். பன்றிக்கும் அதே ஓரம்தான் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அது வரும் பாதையிலேயே போய் உட்கார்ந்துவிடாமல் விலகி இருக்க வேண்டும்.

நிலவு முதுகுக்குப் பின்னாலோ தோளுக்குப் பக்கவாட்டிலோ இருக்கட்டும் என்பது பொதுவான விதி. நிலவை நோக்கி உட்கார்ந்தால் முகமும் கைகளும் வெளுத்துத் தெரியும். தொலைநோக்கியின் முன்வில்லையில் ஒளி பட்டுக் காட்சி வெளிறும். பன்றியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வில்லை மின்னவும் செய்யும். நிலவு முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதும் இரண்டு ஆபத்துகள் உண்டு. நடந்து நெருங்கினால் நம் நிழல் நமக்கு முன்னால் நீண்டு ஓடி, நம்மைவிட முன்னதாகக் கூட்டத்தை எட்டிவிடும். மேட்டின்மேல் நின்றால் வெளிர் வானத்தின் எதிரில் நம் உருவம் வெட்டியெடுத்ததுபோல் தெரியும். முதுகை மரத்திலோ புதரிலோ சாய்த்து உட்கார்ந்தால் இரண்டாவது ஆபத்து நீங்கும். முதலாவதற்கு, நிலவைப் பக்கவாட்டில் வைத்து நெருங்குவதே வழி. பரண்மேல் உட்காருகிறவர் கூரையும் பின்சுவரும் உள்ள பரணைத் தேர்ந்தெடுத்தால் போதும். முகமூடியும் கையுறையும் நிலவு இரவில் கட்டாயம். ஆடை வெளிறியதாக இல்லாதவரை அதன் நிறத்தால் பெரிய வேறுபாடில்லை.

பின்னணியின் நிறம், நிலவின் அளவுக்கே முக்கியமானது. பன்றி கறுத்த உடல். அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் வயல், மணல் திட்டு, வெளுத்த புல்வெளி ஆகியவற்றின்மேல் நிற்கும்போது அரைநிலவிலும் அதன் உருவம் தெரியும். அப்போதுதான் உழுத கரிசலில் பௌர்ணமியன்றுகூட அது மண்ணோடு மண்ணாகக் கரைந்துவிடும். பனி மூடிய நிலத்தில் இது வேறு உச்சத்துக்குப் போகிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் குளிர்கால முழுநிலவில் உயரப் பரணில் அமர்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் வழக்கம் இன்றும் இருப்பதற்கு, பனி திருப்பியனுப்பும் அந்த ஒளியே காரணம். இரை போடுவதற்கு விதி இடம் கொடுத்தால், வெளிறிய தரையுள்ள இடமாகப் பார்த்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

காற்று

நிலவு எல்லா வகையிலும் சாதகமாக இருந்து காற்று மட்டும் தவறாக இருந்தால், அன்றைக்கு அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே மேல். அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. நிலவு பளிச்சென்று தெரியும் இரவு என்றால் வானம் தெளிவாக இருக்கிறது என்று பொருள். தெளிந்த வானத்தின் கீழ் நிலம் வேகமாக வெப்பத்தை இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளின் வழியே தாழ்வான இடங்களை நோக்கி மெதுவாக வழிகிறது. பகலிலும் மாலையிலும் வீசிய காற்று ஓய்ந்ததும் இந்த வழிதலே நம் வாடையைச் சுமந்து செல்லும். வானிலைச் செயலி தெற்கிலிருந்து காற்று என்று காட்டிக்கொண்டிருக்கும். நிலத்தை ஒட்டிய காற்றோ ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பன்றிகள் பகலில் படுத்துக் கிடப்பது பெரும்பாலும் ஓடைக்கரைப் புதர்களில்தான் என்பதால், மேட்டில் உட்கார்ந்திருப்பவரின் வாடை அவை புறப்படும் முன்பே அவற்றைச் சென்றடைந்துவிடும். மேகம் மூடிய இருண்ட இரவில் நிலம் மெதுவாகவே குளிர்வதால் இந்தத் தொல்லை குறைவு.

இதற்கு, மாலையில் போய் உட்காரும்போது ஒருமுறையும், இருட்டிய பின் மணிக்கொரு முறையும் சிறிதளவு மாவுத்தூளைத் தூவிக் காற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். நிலவொளியில் வெண்ணிறத் தூள் போகும் திசை விளக்கின்றியே தெரியும். தூள் ஓடையை நோக்கி நகர்ந்தால், தாழ்வான பக்கத்திலிருந்து வரும் பாதைக்கு நேர் மேலே இருக்காமல், சரிவின் குறுக்கே பக்கவாட்டில் இடம் மாறுவது நல்லது. மாற்றிடம் ஒன்றைப் பகலிலேயே பார்த்து வைத்திருந்தால் இது எளிது.

கண்ணும் கருவியும்

நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அது பெரிதும் வீணாகிவிடும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை, அதைச் சுற்றியே உள்ளன. ஆகவே சந்தேகமான கருநிற உருவத்தை நேராக வெறித்துப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்று விலகி, அதன் ஓரத்தைப் பார்த்தால் தோன்றும். அதே செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை என்பதால், வழி பார்க்கவும் தோட்டா எடுக்கவும் மங்கலான சிவப்பு விளக்கு சிறந்தது. பச்சை விளக்கில் நமக்கு இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் பன்றிக்கும் அது தெரியும்.

சாதாரணத் தொலைநோக்கியோடு நிலவொளியில் வேட்டையாட விரும்புகிறவர் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் முன்வில்லையை 8 மடங்கில் வைத்தால் அது 7 மில்லிமீட்டர். இளைஞரின் கண்மணி இருட்டில் விரியும் அளவும் ஏறக்குறைய அதுவே. ஐரோப்பியர் இந்த அளவை இரவு வேட்டைக்குத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். 50 மில்லிமீட்டர் வில்லையை 12 மடங்குக்கு முறுக்கினால் கிடைப்பது 4 மில்லிமீட்டர் மட்டுமே, காட்சி இருண்டுவிடும். வயது ஏற ஏறக் கண்மணி குறைவாகவே விரியும், ஆகவே ஐம்பதைத் தாண்டியவர் பெரிய வில்லைக்குப் பணம் கொட்டுவதில் அதிகப் பயன் காணமாட்டார். தொலைநோக்கிக்குள் தெரியும் குறிக்கோடுகளில் ஒளிரும் புள்ளி இருந்தால் அதை மிகக் குறைந்த அளவில் வைக்க வேண்டும். கூடினால் அந்தப் புள்ளியே பன்றியை மறைத்துவிடும்.

ஒளியைப் பெருக்கிக் காட்டும் இரவுக்காட்சிக் கருவிக்கு நிலவு ஒரு வரம். முழுநிலவில் அகச்சிவப்பு விளக்கைப் போடவே தேவையில்லை. நிலவில்லாதபோது அந்த விளக்கு வேண்டும். 850 நானோமீட்டர் விளக்கு வெகுதூரம் எட்டும், ஆனால் அதன் முகப்பு நேரில் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரமும் குறைவு. தெர்மல் எனப்படும் வெப்பப் படக் கருவிக்கு நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது பார்ப்பது உடலின் வெப்பத்தை. அதை வைத்திருப்பவருக்கு நிலவு செய்வதெல்லாம் அவரைப் பன்றிக்குக் காட்டிக்கொடுப்பதுதான், ஆகவே அவருக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகளே ஏற்றவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. வெப்பப் படத்தில் கம்பிவேலியும் குறுக்கே நிற்கும் கிளையும் தெரியாமல் போவதுண்டு, படுத்திருக்கும் கன்றுக்குட்டியும் பன்றியும் ஒரே வெண்திட்டாகத் தெரிவதும் உண்டு. நிலவுள்ள இரவில் கருவியை விலக்கி வெறுங்கண்ணால் ஒருமுறை நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடிவதை நான் குறைவாக மதிப்பிடமாட்டேன். அதற்கு, திரையைப் பார்க்காத மற்றொரு கண் இருட்டுக்குப் பழகியபடி இருக்க வேண்டும்.

சுடுதலும் தேடுதலும்

நிலவொளி தூரத்தைப் பற்றிப் பொய் சொல்லும். நிறமும் நுண்விவரமும் அற்ற காட்சியில் எண்பது மீட்டரா நூற்றைம்பதா என்று கண்ணால் சொல்ல இயலாது. பகலிலேயே தூரமானியால் வயலின் மரம், கம்பம், பாறை ஆகியவற்றின் தூரங்களை அளந்து குறித்துக்கொண்டு, சாதாரணத் தொலைநோக்கியோடு நூறு மீட்டருக்குள்ளேயே நின்றுகொள்வது நல்லது. நான்கு கால்களும் தலையின் திசையும் தெளிவாகத் தெரியாத உருவத்தின்மேல் சுடக் கூடாது. கருநிற உருவம் என்பது கன்றாகவோ நாயாகவோ, வேலியோரம் நடந்து வரும் மனிதராகவோ இருக்கலாம். உருவத்துக்குப் பின்னால் தோட்டாவைத் தாங்கும் மண்மேடு உண்டா என்பதும் நிலவொளியில் தெரியாது. எனவே சுடக்கூடிய திசைகளைப் பகலிலேயே முடிவுசெய்து, மற்றவற்றை அன்றிரவுக்கு மறந்துவிட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கும், அப்பகுதி வேட்டைக் காவலருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னாலும் தாழ்வாகவும் இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்கோட்டில், உடலின் கீழ் மூன்றில் ஒரு பகுதியைக் குறிவைக்க வேண்டும். நிலவொளியில் வயிற்றின் கீழ்க்கோடு புல்லின் நிழலோடு கலந்துவிடுவதால் உடல் உண்மையைவிட மெலிந்ததாகத் தோன்றும். இதனால் குறி தானாகவே மேலேறிவிடும். புல் உயரமாக இருந்தால் முதுகுக்கோட்டிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிடுவதே நம்பகமானது.

சுட்டபின் பன்றி ஓடிவிட்டால் உடனே பின்தொடராமல், அது கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒரு மரத்தோடு ஒப்பிட்டு நினைவில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தடித்த தோலும் கொழுப்பும் காயத்தை அடைத்துவிடுவதால் பன்றியின் இரத்தத் தடம் பெரும்பாலும் மெலிதாகவே இருக்கும். அந்த மெலிந்த தடமும் நிலவொளியிலும் சிவப்பு விளக்கிலும் கண்ணுக்குப் படாது. நிலவொளியில் சிவப்பு கறுப்பாகிவிடும், சிவப்பு விளக்கில் சிவப்பும் வெளிர்த் தரையும் ஒன்றாகிவிடும். ஆகவே தேடுதலுக்கென்று வெண்ணிற விளக்கு ஒன்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும். காயம்பட்ட ஆண் பன்றி புதருக்குள் திரும்பி நின்று காத்திருக்கக்கூடும் என்பதால் தடம் அடர்ந்த புதருக்குள் போனால் தனியாக நுழையக் கூடாது. ஒருவர் விளக்கையும் மற்றவர் துப்பாக்கியையும் ஏந்திச் செல்ல வேண்டும், துணை இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.